பறவை பார்க்கப் போய் ஊர்களைப் பார்த்து வந்தேன்

கேள்வி: ஒரு வருடம் முழுக்கப் பறவைகளையும் காட்டுயிர்களையும் பார்ப்பதற்காகவே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் சுற்றியவர்கள் இருக்கிறீர்களா? எது மனதில் நின்றது? புதிதாக ஆரம்பிப்பவர் என்ன செய்யலாம்?

நான் சுற்றினேன். வங்கி வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிய மறுமாதமே கிளம்பிவிட்டேன். ஒரு பொங்கலில் ஆரம்பித்து அடுத்த பொங்கலுக்கு முன்னால் முடிந்தது. பாதி இடங்களுக்குத் தனியாகப் போனேன், பாதிக்கு வீட்டுக்காரரும் வந்தார். தமிழ்நாடு, கேரளத்தின் ஒரு ஓரம், இலங்கை, சிங்கப்பூர். மொத்தம் 341 வகைப் பறவைகள். யானை, வெளிமான், சிங்கவால் குரங்கு, நீர்நாய் எல்லாம் தனி.

ஆனால் எது மனதில் நின்றது என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஊர்கள்தான். நான் நிறையப் பறவைகளைப் பார்த்த இடங்களில் பெரும்பாலும் அவற்றை விட்டுவைத்த மனிதர்கள் இருந்தார்கள். போகப் போகத்தான் இது புரிந்தது. அதனால் மாத வரிசையில் சொல்லாமல் அந்த ஊர்கள் வழியாகவே சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மதுராந்தகம் பக்கம். வேடந்தாங்கலைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பள்ளிச் சுற்றுலாவுக்கு வேறு இடமே தெரியாதது போல அங்கேதான் கூட்டிப் போவார்கள். கோபுரத்தில் ஏறி, நாரை நாரை என்று கத்திவிட்டு, புளியோதரை சாப்பிட்டுவிட்டு வருவோம். போன ஜனவரியில்தான் காலை ஆறு மணியிலிருந்து மதியம் வரை கரையில் உட்கார்ந்து பார்த்தேன். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் அடுக்கடுக்காகக் கூடு வைத்திருந்தன. அந்த எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர்தான் கீழே வயலுக்குப் பாய்கிறது. உரச் செலவு குறைகிறது என்று அந்த ஊர் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் போய் முறையிட்டிருக்கிறார்கள். 1798இல் அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே எழுதிக் கொடுத்தார். வனத்துறை என்ற ஒன்று உருவாவதற்கு எத்தனையோ காலம் முன்பு! பக்கத்து ஊரில் பிறந்த எனக்கு இது ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது என்பதில் வருத்தம் உண்டு.

அடுத்து பிப்ரவரியில் கூந்தன்குளம், திருநெல்வேலி மாவட்டம். அங்கே குளத்தில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டுக் கொல்லை மரங்களிலும் சங்குவளை நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டுகின்றன. கிணற்றடியில் ஒரு அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கிறார், தலைக்கு மேலே கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீன் தின்கிறது. மீன் நாற்றமும் எச்ச நாற்றமும் லேசானவை இல்லை. "வாடை அடிக்கலையா அக்கா?" என்று கேட்டேன். "வருசாவருசம் வாற பிள்ளைய வாடை அடிக்குதுன்னா சொல்லுவாவ?" என்றார். பறவை வராத வருடம் மழை பொய்த்த வருடம் என்பது அவர்கள் கணக்கு. மத்திய ஆசியாவிலிருந்து இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளையும் அங்கே பார்த்தேன். சாயங்கால வெயிலில் கரையோரம் புல் மேய்ந்துகொண்டிருந்தன, பக்கத்திலேயே எருமைகளும்.

இனி இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவைக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் இந்தப் பதிலையே ஆரம்பித்தேன்.

மார்ச்சில் வால்பாறை போய், அங்கிருந்து மலக்கப்பாறை வழியாகக் கேரளத்தின் வாழச்சால் பக்கம் இறங்கினோம். பெரிய இருவாச்சியின் கூட்டைப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை. பெண் பறவை ஒரு பெரிய மரத்தின் பொந்துக்குள் போய், தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விடும். உள்ளேயே சிறகுகளை உதிர்த்து, முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, மாதக்கணக்கில் இருக்கும். அத்தனை நாளும் சாப்பாடு ஆண் பறவை கொண்டு வருவதுதான். அது ஒரு கண்ணியிலோ துப்பாக்கியிலோ மாட்டினால் உள்ளே இருப்பவர்களுக்கும் பட்டினிதான்.

எங்களோடு வந்தவர் காடர் பழங்குடியைச் சேர்ந்தவர். தூரத்திலேயே உட்கார வைத்துவிட்டார், மரத்தடிக்கு விடவில்லை. "வாசனைத் தைலம் பூசியிருக்கீங்களாம்மா?" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அட்டை இரண்டு முறை கடித்தது. அப்புறம் ஒரு சத்தம். பெரிய முறத்தால் யாரோ ஆகாயத்தில் நெல் புடைப்பது போல, ஒவ்வொரு சிறகடிப்பும் தனித்தனியாகக் கேட்டது. பறவை வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. பொந்து வாயில் தொற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலகு நுனியில் வைத்து அந்தக் கீறலுக்குள் நீட்டியது. நான் 31 வரை எண்ணினேன். அதற்கு மேல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதால் எண்ண முடியவில்லை.

திரும்பும் வழியில் அவர் சொன்னதுதான் இன்னும் பெரிய விஷயம். ஒரு காலத்தில் இருவாச்சிக் குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்தவர்களும் இவர்களே. எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தவர்கள். இன்று அதே அறிவை வைத்துக்கொண்டு வாழச்சால் காட்டில் காடர்கள் கூடுகளைக் காவல் காக்கிறார்கள். கூடு வைத்த மரங்களை அவர்களைத் தவிர வேறு யாராலும் இவ்வளவு வேகமாகக் கண்டுபிடிக்க முடியாது.

அந்த மலையிலேயே நான் ஒரு தப்பும் செய்தேன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆறுமணிக்குருவி ஒன்று புதருக்குள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. காலை ஆறு, மாலை ஆறு என்று மணி அடித்தது போலக் கூப்பிடும் குருவி. வெளியே வரவில்லை என்பதால் அதன் குரலைப் போனில் போட்டேன். உடனே வந்துவிட்டது. தன் இடத்துக்கு வேறு ஒருவன் வந்துவிட்டான் என்று நினைத்து, இரை தேடுவதை விட்டுவிட்டு, கிளை கிளையாகத் தாவித் தேடியது. படம் அருமையாக வந்தது. இன்னும் சில வாரத்தில் வடக்கே அவ்வளவு தூரம் பறந்து போக வேண்டிய பறவை அது, கொழுப்பு சேர்க்க வேண்டிய நேரத்தை நான் வீணாக்கினேன். அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டவில்லை. அதற்குப் பிறகு ஒருமுறைகூடக் குரல் போட்டுக் கூப்பிட்டதில்லை.

செப்டம்பரில் சிங்கப்பூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனேன். சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேர்ந்தால் சின்னப் படகு கிளம்பும், கொஞ்ச நேரத்தில் உபின் தீவு. அங்கே இறங்கியதும் நான் பார்த்த முதல் பெரிய பறவை இருவாச்சி! வாழச்சாலில் பார்த்ததைவிடச் சின்ன வகை, கருப்பும் வெள்ளையுமாக இருந்தது. சிங்கப்பூரில் இது 19ஆம் நூற்றாண்டிலேயே இல்லாமல் போய்விட்டது. 1994இல் உபினில் மறுபடி தென்பட்டது. பொந்து உள்ள பெரிய மரங்கள் போதவில்லை என்று மரப்பெட்டிகளைக் கூடாகக் கட்டித் தொங்கவிட்டார்கள், உள்ளே கேமரா வைத்து ஆண் எத்தனை தடவை வருகிறது, என்ன கொண்டு வருகிறது என்று படித்தார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஜன்னல் ஓரத்துக்கே வருகிறது. தங்கையின் மாமியார் அதைக் காகம் மாதிரி சாதாரணமாகப் பேசினார். காட்டில் கண்ணீர் விட்டுப் பார்த்த ஜாதியை இங்கே பால்கனியில் பார்க்கிறார்கள்.

அதே தீவில் வைக்கோல் நிறத் தலையுள்ள ஒரு சின்னான் பாடக் கேட்டேன். நம் கொண்டைச் சின்னானுக்குச் சொந்தம்தான், ஆனால் பாட்டு வேறு தரம். பாட்டுதான் அதற்கு எமன். கூண்டில் வளர்க்கப் பிடித்துப் பிடித்தே தாய்லாந்திலும் ஜாவாவிலும் இல்லாமல் செய்துவிட்டார்கள். உலகில் அது இன்னும் நன்றாக இருக்கும் மிகச் சில இடங்களில் இந்தக் குட்டி நாடு ஒன்று.

இலங்கையைப் பற்றித் தனியாகவே ஒரு பதில் எழுதலாம், இங்கே இரண்டு இடம் மட்டும். ஆகஸ்டில் மின்னேரியா. மகாசேனன் 3ஆம் நூற்றாண்டில் கட்டிய குளம். கோடையில் தண்ணீர் வற்ற வற்ற, வெளிப்படும் மண்ணில் பச்சைப் புல் முளைக்கிறது. அதைத் தேடிச் சுற்றுக் காடுகளிலிருந்து யானைகள் நூற்றுக்கணக்கில் வந்து சேருகின்றன. நான் ஒரே நேரத்தில் 90 வரை எண்ணினேன். ஏரி வற்றினால் என்ன முளைக்கும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம், அதை நம்பி யானைக் கூட்டம் வருவது தெரியாது. ஒரு ஜீப் ஓட்டுநர் குட்டி இருக்கும் கூட்டத்தின் குறுக்கே வண்டியை விட்டார், பின்னாலேயே இன்னும் ஆறு வண்டிகள். எங்கள் ஓட்டுநர் மன்னாரைச் சேர்ந்தவர். "அண்ணா, நாங்கள் தள்ளியே நிற்போமா?" என்றேன். "அதுதான் நல்லம் அக்கா, கிட்டப் போனா அதுகள் காட்டுக்குள்ள போயிடும்" என்று எஞ்சினை நிறுத்தினார். அரை மணி நேரத்தில் ஜீப்புகள் போய்விட்டன, யானைகள் நாங்கள் நின்ற பக்கமே மேய்ந்து வந்தன.

அப்புறம் சிங்கராஜா மழைக்காடு. அங்கே பறவைகள் தனித்தனியாக வருவதில்லை. இருபது நிமிடம் இலை சொட்டும் சத்தம் மட்டும் கேட்கும். திடீரென்று ஆரஞ்சு அலகுத் தவிட்டுக்குருவிகள் சளசளவென்று வரும், கூடவே கரிச்சான், பின்னாலேயே சிவப்பு முகப் பூங்குயில், இன்னும் பெயர் சொல்வதற்குள் பத்து வகை. தவிட்டுக்குருவிகள் கிளறி எழுப்பும் பூச்சிகளை மற்றவை பிடிக்கின்றன, கரிச்சான் ஆபத்து வந்தால் எச்சரிக்கிறது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் கடந்து போய்விடும், மறுபடி இலை சொட்டும் சத்தம். இந்தக் காட்டை 1970களில் ஒட்டுப்பலகைக்காக வெட்ட ஆரம்பித்தார்கள். மக்கள் எதிர்த்ததால்தான் நின்றது. 1988இல் உலக மரபுச் சின்னமானது. இலங்கைக்கே உரிய ஒரு சின்ன ஆந்தையின் குரலை 1995இல் ஒருவர் மழைக்காட்டில் கேட்டு, இது தெரிந்த எந்தப் பறவையின் குரலும் இல்லையே என்று தேடித் தேடி, 2001இல் கண்ணால் பார்த்தார். அவர் தீபால் வரகாகொட. 2004இல் அது அறிவியலுக்குப் புதிய இனம் என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆந்தைக்கு வீடாக இருக்கும் காடுகளில் சிங்கராஜாவும் ஒன்று. வெட்டி முடித்திருந்தால்?

டிசம்பரில் மசினகுடியில் தங்கி மோயாறு பள்ளத்தாக்கில் பார்த்த பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், இதற்கு நேர் எதிரான கதை. வெண்முதுகுப் பாறு ஓடைக்கரை நீர்மருதில் கூடு வைக்கும். ஒரு காலத்தில் இந்தியா முழுக்க ஊருக்கு ஊர் இருந்தது. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது போய்விட்டது. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மெலாக்சிகாம் என்று பாறுக்குக் கேடு செய்யாத மாற்று மருந்து இருக்கிறது. யாரும் பாறுகளைக் கொல்ல நினைக்கவில்லை, இருந்தும் இவ்வளவு நடந்தது. உங்கள் வீட்டில் மாடு இருந்தால், டாக்டரிடம் என்ன ஊசி என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு: 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மி.மீ.) பைனாகுலர் ஒன்று போதும், கேமரா பிறகு பார்க்கலாம். ஈபேர்டு என்ற இலவசச் செயலியில் பார்த்ததைப் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் நான்கு நாள் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015இலிருந்து. பதினைந்து நிமிடம் மொட்டைமாடியில் நின்று எண்ணினாலே கணக்கில் சேரும். கூட்டின் இடத்தை மட்டும் எங்கும் போடாதீர்கள். உங்கள் ஊர் ஏரியிலிருந்து தொடங்குங்கள், எங்கள் பக்கம் ஏரி, நெல்லையில் குளம், சிவகங்கையில் கண்மாய், எதுவானாலும் சரி.

கண்மாய் என்றதும் கடைசியாக ஒன்று. அந்தத் தீபாவளியை நான் வீட்டில் கொண்டாடவில்லை. சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூரில் அறை எடுத்து, விடியுமுன் ஆட்டோ பிடித்து கொள்ளுக்குடிப்பட்டிக்குப் போனேன். வேட்டங்குடி சரணாலயம் அங்கேதான். கண்மாயில் தங்கும் பறவைகள் மிரளும் என்று அந்த ஊரில் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கல்யாணம், திருவிழாவுக்கும் வேட்டுச் சத்தம் கிடையாது. வனத்துறை நன்றி சொல்லி வீட்டுக்கு வீடு இனிப்பு கொடுக்கிறது. திருப்பத்தூரில் காது கிழிந்தது, ஊரை நெருங்க நெருங்க வெடிச்சத்தம் பின்னால் போய்விட்டது. கரையில் ஒரு பெரியவர் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். பேரப்பிள்ளைகள் வெடி கேட்டு அழ மாட்டார்களா என்று கேட்டேன்.

"புள்ளத்தாச்சி இருக்க வீட்டுப் பக்கத்துல வெடி போடுவாகளா, நீங்களே சொல்லுங்க?" என்றார்.

எண்ணெய் வைத்துக் குளித்த தலையோடு, புதுச்சட்டையில் விலைச்சீட்டு தொங்க, இரண்டு பிள்ளைகள் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றன. கண்மாய்க்குள் கருவேல மரங்களில் வக்காக்கள் இரவு இரையை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தன. வக், வக் என்று ஒவ்வொன்றாக வந்து இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.