மூன்றாம் சுற்றுக்குப் பின் மௌனம்

கேள்வி: சென்ற ஆண்டு இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றேன். ஒரு நிறுவனத்தில் மூன்றாம் சுற்று நேர்முகத் தேர்வுவரை சென்றேன். "அடுத்த வாரம் சொல்கிறோம்" என்றார்கள். இரண்டு மாதமாகியும் பதில் இல்லை. வேறு இடங்களிலும் இதே கதை. எனக்குத் தகுதியே இல்லையோ? மனத்தை எப்படித் தேற்றிக்கொள்வது?
– யீஷூன் வாசகர் ஒருவர்

பதில்: உங்கள் மனத்துக்கு வருமுன் அந்த இரண்டு மாத மௌனத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும், இப்பகுதியில் இதை எழுதி எழுதி எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஓர் இளைஞரை மூன்று முறை வரவழைத்துவிட்டு, "வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்று இரண்டு வரி எழுத மனிதவளப் பிரிவுக்கு நேரமில்லை என்றால், அதை மரியாதைக் குறைவு என்றே சொல்வேன். 2025 ஜனவரியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், வயது, இனம், சமயம், மொழி முதலியவற்றைக் காட்டி ஒருவரை ஒதுக்குவதைத் தடுப்பதற்கானது. அதை முழுமனத்தோடு வரவேற்றேன். நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்கு முடிவைத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற கடமையையும் அதில் சேர்த்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

தகுதி இல்லாதவரை எவரும் மூன்றாம் சுற்றுக்கு அழைப்பதில்லை. விண்ணப்பித்தும் அழைப்பே வராதவர்தான் தம் தற்குறிப்பைத் திருத்த வேண்டும். கடைசிச் சுற்றில் முடிவைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் உங்கள் கண்ணுக்குத் தெரியாதவை: ஆளெடுப்பையே நிறுத்தியிருக்கலாம், உள்ளேயே ஒருவரை மாற்றியிருக்கலாம், ஈராண்டு அனுபவமுள்ளவர் அதே சம்பளத்துக்கு இசைந்திருக்கலாம். காலமும் சாதகமாக இல்லை. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் 2024இல் படிப்பை முடித்து வேலை தேடியவர்களில், ஆறு மாதத்துக்குள் நிரந்தர முழுநேர வேலையில் அமர்ந்தோர் 79.5 விழுக்காட்டினர், அதற்கு முந்தைய ஆண்டு அது 84.1 விழுக்காடாக இருந்தது.

ஒன்றை மட்டும் சோதித்துப் பாருங்கள். இறுதியாண்டுத் திட்டப்பணியைப் பற்றிக் கேட்டால், நம் பிள்ளைகள் பலர் "எங்கள் குழு செய்து முடித்தது" என்று அடக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உங்கள் பங்கு எது என்று தெரியாமலே கேட்பவருக்கு நேரம் முடிந்துவிடுகிறது. பம்பின் திறனைக் கணக்கிட்டது நீங்கள் என்றால், "நான் கணக்கிட்டேன், முதல் கணக்கு பிசகியது, சோதித்தபோது கண்டுபிடித்து இப்படித் திருத்தினேன்" என்று தயங்காமல் சொல்லுங்கள். தேர்வு முடிந்து எம்ஆர்டி ரயிலில் ஏறியவுடனே, கேட்ட கேள்விகளையும் தடுமாறிய இடங்களையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். வீடு சேர்வதற்குள் பாதி மறந்துவிடும்.

உங்கள் பெற்றோரும் இதைப் படிப்பார்களானால், சாப்பாட்டு மேசையில் தினமும் "என்ன ஆயிற்று?" என்று கேட்பதை விட்டுவிடும்படி வேண்டிக்கொள்கிறேன். செய்தி இருந்தால் பிள்ளையே ஓடிவந்து சொல்வார்.

அந்த நிறுவனத்துக்கு இன்றே எழுதுங்கள். முடிவு என்ன, எந்த இடத்தில் குறை கண்டார்கள் என்று பணிவாக இரண்டே வரியில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால், அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்குங்கள்.