சுகுமாரி யாருடைய நடிகை?

அன்புள்ள அண்ணா,
சென்ற வாரம் நடிகை சுகுமாரியை ‘நம்ம ஊர்க்காரி’ என்று எழுதியிருந்தீர்கள். நான் அவரை மலையாளப் படங்களில்தான் ரசித்திருக்கிறேன். தமிழில் அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு மாமி தவிர என்ன செய்துவிட்டார்? நாகர்கோவிலில் பிறந்தால் மட்டும் நம் நடிகை ஆகிவிடுவாரா?
வாசகி, களியக்காவிளை

அன்புள்ள தங்கச்சிக்கு,
பிறப்பை வைத்துச் சொல்லவில்லை. அவர் பிறந்த 1940-இல் நாகர்கோவிலே திருவிதாங்கூரில்தான் இருந்தது. 1956-இல் நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, லலிதா, பத்மினி, ராகினி சகோதரிகளின் உறவுக்காரப் பெண்ணான அவர் சினிமாவுக்குள் வந்து சில வருஷம் ஆகியிருந்தது.

தமிழ் சினிமா பற்றி நீங்கள் சொல்வது சரி. காப்பித் தம்ளரோடு வாசலில் நிறுத்தியே அவரை வீணடித்தது. எனக்கும் அந்த ஆதங்கம் உண்டு. ஆனால் நீங்கள் தமிழ் மேடையை விட்டுவிட்டீர்கள். சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகங்களில் அவர் வருஷக்கணக்காக நடித்தார். அது சாதாரண வேலையில்லை. சோவின் வசனத்துக்கு அரங்கம் சிரிக்கும். சிரிப்பு அடங்குமுன் அடுத்த வரியைச் சொன்னால் அது காணாமல் போகும். முழுக்க அடங்கிய பிறகு சொன்னால் காட்சி படுத்துவிடும். நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அது ராத்திரிக்கு ராத்திரி மாறும், ஒத்திகையில் கிடைக்காது.

அந்த நொடியைத்தான் இயக்குநர் பிரியதர்ஷன் 1985-இல் ‘போயிங் போயிங்’ என்ற மலையாளப் படத்தில் அறுவடை செய்தார். ஒரே வீட்டில் மூன்று விமானப் பணிப்பெண்களை ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல் வைத்துச் சமாளிக்கிறான் ஒருவன். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டு அலுத்துப்போன சமையற்காரி சுகுமாரி. மோகன்லாலும் முகேஷும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அவர் நின்று, ஒரு பார்வை பார்த்து, பிறகுதான் வாயைத் திறப்பார். குழித்துறையில் எங்கள் வீட்டு ஆன்டெனா எப்போதும் திருவனந்தபுரத்தைப் பார்த்தே நிற்கும். படம் ஓடும்போது பாட்டி சொல்வாள்: “இவ நம்ம நாகர்கோவில்காரியாக்கும்.”

தேசிய விருது கடைசியில் 2010-ஆம் ஆண்டுக்காக, சிறந்த துணை நடிகையாக, ‘நம்ம கிராமம்’ என்ற தமிழ்ப் படத்துக்கு வந்தது. கதை பாலக்காட்டு அக்ரஹாரத்தில் நடக்கிறது. கிடைத்தால் பாருங்கள். பாதி மலையாளம் கலந்த தமிழ் களியக்காவிளைக்காரிக்குப் புதிதா என்ன?