சனிக்கிழமை மூன்று மணி: பந்து பற்றி ஐயாவிடம் கேளுங்கள்

போன இதழில் இந்தத் தலைப்பில் கேள்வி அனுப்பச் சொல்லி ஆசிரியர் ஒரு பெட்டிச் செய்தி போட்டுவிட்டார், என்னை ஒரு வார்த்தை கேட்காமல். எனக்கு 71 வயது, ஊர் இளவாலை, 1984இல் இருந்து கிழக்கு லண்டன், உதைபந்தாட்ட அணி வெஸ்ற்ஹாம். தகுதி அவ்வளவுதான். வந்த கேள்விகளில் திட்டு இல்லாதவற்றை எடுத்திருக்கிறேன்.

ஐயா, அந்தக் காலத்து உதைபந்தாட்டம்தானே அசல்? இப்போது எல்லாம் வெறும் வியாபாரம்தானே?
– வாசகர், வெள்ளவத்தை

ஓம் என்று சொல்லுவேன் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பீர்கள். நான் வந்து இறங்கியபோது குடியிருந்த அறை, கிறீன் ஸ்றீற்றுக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில். வெஸ்ற்ஹாமின் பழைய மைதானம், போலின் கிரவுண்ட், அங்கிருந்து நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நடந்து உள்ளே போக எனக்குப் பதினொரு வருடம் எடுத்தது. காசில்லாமல் இல்லை, அப்போது ரிக்கெட் மலிவுதான். பயம். வீட்டுக்காரர் ஒரு குஜராத்திக் கிழவர், முதல் வாரமே கூப்பிட்டுச் சொன்னார்: சனிக்கிழமை பாண் வாங்குவதென்றால் பன்னிரண்டு மணிக்குள் வாங்கிக்கொண்டு வந்துவிடு, ஆறு மணிவரை வெளியில் தலை காட்டாதே. லண்டன் மைதானங்கள் சிலவற்றின் வாசலில், வெஸ்ற்ஹாம் வாசலிலும்தான், நஷனல் ஃபிரண்ட் கட்சிக்காரர் இனவாதப் பத்திரிகை விற்ற காலம். கறுப்பு ஆட்டக்காரர் பந்தைத் தொட்டால் குரங்குச் சத்தம் போடுவார்கள், வாழைப்பழம் எறிவார்கள், அதைப் பெரிய விஷயமாக யாரும் எடுக்க மாட்டார்கள்.

நான் இரவு வேலை முடித்து, படுத்து எழும்பி, பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கீழே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து அதில் இருந்து ஆட்டம் ‘கேட்பேன்’. கொஞ்ச நாளில் பழகிவிட்டது. சத்தம் மெல்ல மெல்ல ஏறி, உச்சத்துக்குப் போய், ‘ஊ’ என்று சரிந்தால் பந்து கம்பத்துக்கு வெளியே போயிருக்கிறது. ஏறாமல் ஒரே அடியாக வெடித்தால் கோல். பெரிய அமைதி விழுந்து, அதற்குள் எங்கோ ஒரு மூலையில் சின்னதாக ஆரவாரம் கேட்டால் எதிரணி அடித்துவிட்டது. ஸ்கோரில் நான் பெரும்பாலும் பிழைவிட்டதில்லை.

அப்புறம், அந்தக் காலம் ஆளைக் கொன்ற காலமும்தான். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ மைதானம். கம்பி வேலிக்கும் கூட்டத்துக்கும் நடுவே நசுங்கி 97 பேர் இறந்தார்கள், ஆட்டம் பார்க்கப் போன லிவர்பூல் இரசிகர்கள். அதன் பிறகு வந்த, நீதிபதி டெய்லரின் விசாரணை அறிக்கைதான் பெரிய மைதானங்களில் எல்லாருக்கும் இருக்கை வேண்டும் என்றது, வேலிகளும் போயின. கால்களுக்கு நடுவே தலையை விட்டு ஆட்டம் பார்த்தது எவ்வளவு சுகம் என்று என் வயதுக்காரர்கள் உருகும்போது எனக்கு அந்த வேலிதான் கண்ணுக்குள் வரும்.

முதன்முதலாக உள்ளே போன ஆட்டம் எது?
– வாசகி, வவுனியா

1995 மே 14, மன்செஸ்ரர் யுனைற்றெட்டுக்கு எதிராக, பருவத்தின் கடைசி நாள். என்னோடு வேலை செய்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர், தம்பிக்கு இடுப்பு வலி, அவனுடைய இருக்கை சும்மா கிடக்கிறது வா என்றார். யுனைற்றெட் வென்று, பிளக்பேர்ன் தன் ஆட்டத்தில் வெல்லாமல் விட்டால் அந்தப் பருவத்தின் கிண்ணம் யுனைற்றெட்டுக்கு, இல்லாவிட்டால் பிளக்பேர்னுக்கு. வெஸ்ற்ஹாமுக்கு அன்று வெல்வதற்கு ஒன்றுமில்லை, ஆனால் எங்கள் செக் நாட்டுக் கோல் காப்பாளர் லூடெக் மிக்லோஸ்கோ அன்று யாருக்கு நேர்த்தி வைத்துவிட்டு வந்தாரோ தெரியாது, இரண்டாம் பாதி முழுக்க வந்த பந்தையெல்லாம் காலால், முழங்காலால், நெஞ்சால் என்று தடுத்துக்கொண்டே இருந்தார். 1-1. அந்தப் பக்கம் பிளக்பேர்ன் லிவர்பூலிடம் தோற்றும் கிண்ணத்தைத் தூக்கியது.

பதினொரு வருடம் வெளியிலிருந்து கேட்ட சத்தத்துக்கு உள்ளே இருந்தபோது, அது காதால் கேட்பதில்லை, இருக்கையின் பலகைக்குள்ளால் ஏறி முதுகுக்கு வருகிறது என்று தெரிந்தது. கிழவர் ஒரு ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார், சீனி இல்லை, குடித்துத் தொலைத்தேன்.

சரி, அப்போதுதான் கூத்து. பயம் விட்டுப்போன நேரம் பார்த்து ரிக்கெட் விலை வந்து வாசலில் நின்றுகொண்டது. பிள்ளைகள் இரண்டு, வீட்டுக் கடன், இரவு வேலை. பிறகு வருடத்துக்கு இரண்டு ஆட்டம் போனால் பெரிது. ஆகவே வெள்ளவத்தைக்காரர் கேட்ட பொற்காலம் எனக்கு எப்போது இருந்தது என்று கணக்குப் பார்த்தால், அந்த ஒரு பின்நேரம்தான் தேறுகிறது.

ஒரு வாரத்தில் இலட்சக்கணக்கான பவுண்ஸ் சம்பளம்! பந்தை உதைக்கிறவனுக்கு இது நியாயமா?
– வாசகர், மட்டக்களப்பு

எனக்கு ஆட்டக்காரரில் கோபமே இல்லை. இங்கிலாந்தில் 1961வரை ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 20 பவுண்ஸுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று உச்சவரம்பே இருந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஆட்டக்காரர் சங்கம் மிரட்டித்தான் அதை எடுத்தார்கள். எடுத்த கையோடு ஃபுல்ஹாம் அணியின் ஜோனி ஹெய்ன்ஸுக்கு 100 பவுண்ஸ் என்றதும் நாடே வாய் பிளந்தது. அதற்கு முன்பும் மைதானம் நிறையச் சனம் வந்தது, காசும் வந்தது, அது எங்கே போனது என்று யோசியுங்கள்.

பார்க்கிங் (Barking) றோட்டும் கிறீன் ஸ்றீற்றும் சந்திக்கும் மூலையில் ஒரு சிலை நிற்கிறது. இங்கிலாந்து 1966இல் வென்ற உலகக் கிண்ணத்தோடு கப்டன் பொபி மூரைத் தோளில் தூக்கியபடி ஜெஃப் ஹேர்ஸ்ற், ரே வில்சன், பக்கத்தில் மார்ட்டின் பீற்றர்ஸ். இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் நான்கு கோலும் ஹேர்ஸ்றும் பீற்றர்ஸும் அடித்தவை, இரண்டு பேரும் வெஸ்ற்ஹாம், எனவே உலகக் கிண்ணத்தை வென்றது நாங்கள்தான் என்று இங்கே ஒரு பேச்சு உண்டு. வில்சன் மட்டும் எவர்ட்டன்காரர். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் பார்த்த தொழில் தெரியுமா? ஹடர்ஸ்ஃபீல்டில் மரணச் சடங்கு நடத்துவது. உலகக் கிண்ணம் தூக்கிய தோளில் பிறகு பிரேதப் பெட்டி. அதையும் நியாயம் என்று சொல்ல முடியாதுதானே.

1992இல் இங்கிலாந்தின் உயர்மட்டத் தொடரான பிரீமியர் லீக் தொடங்கியபோது தொலைக்காட்சி உரிமை ஐந்து பருவத்துக்கு 304 மில்லியன் பவுண்ஸ். 2025இல் தொடங்கிய ஒப்பந்தம் நான்கு பருவத்துக்கு 6.7 பில்லியன், அதுவும் பிரிட்டனுக்குள் மட்டும். ஆட்டக்காரன் எடுக்காவிட்டால் முதலாளி எடுப்பார், உங்களுக்கும் எனக்கும் அனுப்பப் போவதில்லை.

வீடியோ நடுவர் முறை பற்றி?
– வாசகர், பாரிஸ்

முன்பெல்லாம் கோல் விழுந்தால் கத்துவேன். இப்போது கோல் விழுந்தால் மனைவியைப் பார்க்கிறேன், அவ ‘பொறுங்கோ’ என்கிறா. அக்குளுக்குக் கீழே கோடு கீறி அளந்து முடிப்பதற்குள் தேத்தண்ணி கொதித்துவிடும். 2019இல் பிரீமியர் லீக்குக்குள் வந்தது. தீர்ப்பு இன்னும் பிழைக்கத்தான் செய்கிறது, ஆனால் இப்போது ஆறுதலாகப் பிழைக்கிறது.

நீங்கள் கொடுத்துவைத்தவர், பக்கத்திலேயே இருந்து பார்க்கிறீர்கள். எங்களுக்கு ரீவிதான் கதி.
– வாசகர், சென்னை

தம்பி, இந்த விஷயத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். பிரிட்டனில் சனிக்கிழமை பின்நேரம் 2.45 முதல் 5.15 வரை எந்த ஆட்டத்தையும் ரீவியில் நேரடியாகக் காட்டக்கூடாது. ரீவியில் காட்டினால் சின்னக் கழகங்களின் மைதானத்துக்குச் சனம் போகாது என்று 1960களில் பேர்ன்லி கழகத்துத் தலைவர் பொப் லோர்ட் பிடித்த பிடி, இன்னும் விடவில்லை. வெளிநாட்டுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே இங்கே வழக்கமாகத் தொடங்கும் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை நீங்கள் சென்னையில் சாய்ந்திருந்து பார்க்கலாம், மைதானத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி இருக்கிற நான் பார்க்க முடியாது. கோல் விழுந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து என் தம்பி போன் எடுத்துச் சொல்லுவான். மறுபடியும் நான் பின்வளவு வாளியில்தான்.

அந்தத் தடை வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஏன் என்பது கடைசிக் கேள்வியில்.

போலின் கிரவுண்டை விட்டுப் பெரிய ஸ்ரேடியத்துக்குப் போனது சரியா பிழையா? நான் 90களில் ஈஸ்ற்ஹாமில் இருந்தவன், இப்போது பார்த்தால் தெருவே அடையாளம் தெரியவில்லை.
– வாசகர், ஸ்கார்பரோ

கடைசி ஆட்டம் 2016 மே 10, அதுவும் மன்செஸ்ரர் யுனைற்றெட்தான். 3-2 என்று வென்றோம், வின்ஸ்ரன் ரீட் தலையால் முட்டிப் போட்ட கோல். 112 வருடம் ஆடிய இடம். நான் உள்ளே போகவில்லை, தெருவில் நின்றேன். கைவிடப்படும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவதுபோல சனம் மதிலைத் தொட்டுத் தொட்டுப் போனது. இப்போது அங்கே மாடிக் குடியிருப்புகள். நான் வாளி வைத்திருந்த வளவில் யாரோ கொங்கிறீற் போட்டுக் காரை நிறுத்தியிருக்கிறார்கள்.

புதிய இடம் 2012 ஒலிம்பிக்குக் கட்டியது, 99 வருடக் குத்தகை. பழையதில் 35,000 பேர், இதில் 62,500. கணக்குப் பார்த்தால் சரிதான், நிறையப் பிள்ளைகள் இப்போதுதான் உள்ளே போக முடிகிறது. ஆனால் ஓட்டப்பந்தயத்துக்கு வெட்டிய உடம்பு அது. பந்துக்கும் நமக்கும் நடுவே ஒரு பெரிய இடைவெளி. பழைய இடத்தில் மூலை உதை எடுக்க வருகிறவரின் சட்டையைக் கையை நீட்டிப் பிடித்துவிடலாம் போல இருக்கும், அவர் இருமினால் நமக்குக் கேட்கும். ஆனால் 2023இல் பிராக் நகரில் போவன் 90ஆவது நிமிடத்தில் அடித்து ஐரோப்பியக் கிண்ணம் ஒன்று வந்தபோது, இந்தப் புறுபுறுப்பையெல்லாம் இரண்டு நாளைக்கு மறந்துவிட்டேன் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அங்கிள், என் மகனுக்கு 13 வயது. முழு ஆட்டம் பார்ப்பதே இல்லை, போனில் கோல்களை மட்டும் பார்க்கிறான். மூன்று நாட்டில் மூன்று அணிக்கு ஆதரவு. இது என்ன இரசனை?
– வாசகி, ஹரோ

பிள்ளை, அவனைத் திட்டாதேங்கோ. 1970 உலகக் கிண்ணம் நடந்தபோது எனக்கு 16 வயது. இலங்கைக்கு ரீவி வந்தது 1979இல். பெலேயை நான் பார்த்தது ஒரேயொரு பேப்பர் படத்தில், அதுவும் மையில் ஊறி முகம் பாதி அழிந்த படம். அதை வெட்டி அப்பியாசக் கொப்பிக்குள் வைத்து ஒரு வருடம் ஓட்டினோம். உங்கள் மகன் முப்பது விநாடியாவது பார்க்கிறான். பிரேசில் எந்தத் திக்கில் இருக்கிறது என்று தெரியாமலே நாங்கள் பிரேசில்காரர்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. ஆட்டத்தில் எழுபது நிமிடம் ஒன்றும் நடக்காது. அந்த எழுபது நிமிடத்தில்தான் பக்கத்தில் இருக்கிறவரோடு கதை வரும், யாருக்குச் சத்திரசிகிச்சை, யாருடைய மகள் எங்கே படிக்கிறாள் எல்லாம். கோலை மட்டும் வெட்டி எடுத்தால் அது கழன்றுபோகிறது. ஒருநாள் அவனை நேரில் கூட்டிக்கொண்டு போங்கோ, போனைப் பிடுங்காமல். குளிரில் கை விறைக்க அவனே பொக்கற்றுக்குள் வைப்பான்.

போன் என்றதும் ஞாபகம். சென்ற குளிர்காலத்தில் பேத்தியோடு ஒரு மைதானத்துக்குப் போனேன், எது என்று சொல்ல மாட்டேன். ரிக்கெட் போனுக்குள் இருக்கிறது, போன் உயிரை விட்டுவிட்டது. கடதாசி கொண்டுவந்திருக்கலாமே என்றால் கடதாசியே கிடையாதாம். பேத்தி அங்கே நின்ற ஒரு பெடியனிடம் சார்ஜர் வாங்கி, சுவரோரமாக இருபது நிமிடம் நின்று, உள்ளே போவதற்கு முன்பே ஒரு கோல் விழுந்துவிட்டது. சத்தத்தை வைத்து யார் அடித்தது என்று சொன்னேன். சரியாக இருந்தது. பேத்தி என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

நான் பாடசாலை அணியில் ஆடுகிறேன். பெண்பிள்ளைக்கு ஏன் பந்து என்று ஊரில் சிரிக்கிறார்கள்.
– மாணவி, யாழ்ப்பாணம்

சிரிக்கிறவர்களைத் தெல்லிப்பழைப் பக்கம் அனுப்பு மகள். அங்குள்ள மகாஜனாக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் கிண்ணம் தூக்கியவர்கள். இங்கிலாந்தும் யோக்கியமில்லை. 1920இல் லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் பெண்கள் ஆட்டம் ஒன்றுக்கு 53,000 பேர் வந்தார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தன் கழக மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது, எடுத்தது ஐம்பது வருடம் கழித்து. 2022இல் வெம்பிளியில் 87,000 பேருக்கு முன்னால் அதே நாட்டுப் பெண்கள் ஐரோப்பியக் கிண்ணம் வென்றார்கள். 2025இல் மறுபடியும். பூட்ஸை நல்லாய்க் கட்டிக்கொண்டு ஆடு.

இப்போது சனிக்கிழமைகளில் எங்கே இருப்பீர்கள்? லண்டன் வந்தால் பார்க்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ஃபொறஸ்ற் கேற்றில் ஓல்ட் ஸ்பொட்டட் டோக் என்று ஒரு பழைய மைதானம். கிளப்டன் கொம்யூனிற்றி என்ற சின்னக் கழகத்துடையது, 2018இல் தொடங்கியது, அங்கத்தவர்கள்தான் முதலாளிகள், மைதானத்தையும் அவர்களே சேர்ந்து வாங்கிவிட்டார்கள். மூன்று மணி ஆட்டத்தை ரீவியில் காட்டக்கூடாது என்று நான் சொல்வது இந்த மாதிரி இடங்களுக்காகத்தான். என் பேத்திக்குப் பிடித்திருக்கிறது, ஆட்டக்காரர் ஒருவரை ஒருவர் திட்டுவது தெளிவாகக் கேட்பதால்.

கம்பியோரமாக, தொப்பி போட்ட ஒரு கிழவனும் அவன் பக்கத்தில் சிப்ஸ் தின்கிற ஒரு பெண்பிள்ளையும் நின்றால் அது நாங்கள்தான். பந்து வேலிக்கு வெளியே போனால் எடுத்து எறிகிற வேலை எனக்கு, ஆதலால் இடது பக்க மூலையில் தேடுங்கள். ஜக்கெற் கொண்டுவாருங்கள். தேத்தண்ணி என் கணக்கு, சீனி போட்டது.