பெஞ்சின் கடைசி இடத்தில் யாரை உட்கார வைப்பது?

தம்பி, டல்லாஸுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது, அதற்குள் ஆபீஸில் 12 பேர் நடத்தும் ஃபேன்டசி ஃபுட்பால் லீக்கில் (நிஜ அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் பாயிண்ட் சேர்க்கும் போட்டி) சேர்த்துவிட்டார்கள், ஆளுக்கு 50 டாலர், ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்ட், அதாவது முறை போட்டு ஆட்களை எடுப்பது, என்று எழுதியிருக்கிறீர்கள். "கடைசிச் சுற்றுகளில் ஏதாவது ஓர் இளம் பேக்கப் ரன்னிங் பேக்கை எடுத்துப் போடு" என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னாராம். (ரன்னிங் பேக் என்றால் பந்தை வாங்கிக்கொண்டு ஓடுபவர், பேக்கப் என்றால் அவருக்கு மாற்று ஆள்.) சரியாக ஆடவே விடாத ஆளை எதற்கு எடுப்பது, எடுத்தால் யாரை எடுப்பது என்று கேட்கிறீர்கள். அவர் சொன்னது நல்ல யோசனைதான். "ஏதாவது ஓர்" என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

ஊரில் டிரீம் லெவன் பார்த்திருப்பீர்கள். அங்கே மேட்சுக்கு மேட்ச் புது டீம், ஒரே ஆட்டக்காரரை லட்சம் பேர் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒருவர் எடுத்துவிட்டால் அந்த ஆள் சீசன் முழுக்க அவருக்குத்தான். அவராகக் கழற்றிவிட்டாலோ மாற்றிக்கொடுத்தாலோதான் உங்களுக்குக் கிடைப்பார். வழக்கமான லீக்கில் ஆளுக்கு 2 ரன்னிங் பேக் இறக்கியாக வேண்டும், ரன்னிங் பேக், பாஸ் பிடிக்கும் ரிசீவர் என யாரையும் போடக்கூடிய ஃப்ளெக்ஸ் இடத்தில் இன்னொருவரையும் இறக்கலாம். 12 பேருக்கு 24 முதல் 36 பேர் தேவை. அமெரிக்காவின் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லில் இருப்பதோ 32 அணி, அதிலும் பல அணிகளில் ஓட்டத்தை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சரக்குக்கு எப்போதும் தட்டுப்பாடு. அதனால்தான் இரண்டாம் ஆளுக்கும் விலை இருக்கிறது.

அந்த விலை எப்படி மாறுகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்சுக்கும் பாயிண்ட் தரும் பிபிஆர் லீக்கில் 10 யார்டுக்கு 1 பாயிண்ட், ஒரு கேட்சுக்கு 1, பந்தை எதிரணியின் கோட்டைத் தாண்டிக் கொண்டுசேர்க்கும் டச்டவுனுக்கு 6. பேக்கப்பாக இருக்கும் வாரத்தில் 6 கேரி (பந்தை வாங்கி ஓடிய தடவை), 24 யார்டு, 7 யார்டுக்கு ஒரு கேட்ச் என்றால் மொத்தம் 4.1 பாயிண்ட். அதே ஆள் முதல் ஆளாக இறங்கி 18 கேரியில் 80 யார்டு, 3 கேட்சில் 22 யார்டு, ஒரு டச்டவுன் என்று முடித்தால் 19.2. ஆளின் திறமை ஒரு வாரத்தில் ஐந்து மடங்கு ஆகிவிடவில்லை. பந்து கைக்கு வரும் தடவைதான் கூடியிருக்கிறது. ஆகவே பேக்கப்பைத் தேர்ந்தெடுக்கும்போது "இவர் எவ்வளவு நல்லவர்" என்பதற்கு முன்னால், "முன்னால் இருப்பவர் விலகினால் வேலை முழுக்க இவருக்கே வருமா" என்று கேளுங்கள்.

2023 செப்டம்பரில் நடந்த ஒரே ஒரு டிரேடு (அணிகளுக்கிடையே ஆள் மாற்றம்) இதை நன்றாகக் காட்டும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸில் கேம் ஏக்கர்ஸ் முதல் ஆள். 2022ல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டில், ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்ட கைரன் வில்லியம்ஸ் அவருக்குப் பின்னால். முதல் வாரம் சியாட்டிலுக்கு எதிராக ஏக்கர்ஸ் 22 கேரியில் 29 யார்டுதான் எடுத்தார். கைரன் 15 கேரியில் 52 யார்டு, 2 டச்டவுன். அடுத்த வாரம் ஆட்டத்துக்கு முன் வந்த இறங்காதவர் பட்டியலில் ஏக்கர்ஸ் பெயர். அவருக்கு அடி எதுவும் இல்லை, கோச்சே உட்கார வைத்துவிட்டார். அந்த வாரமே அவரை மின்னசோட்டா வைகிங்ஸுக்கு அனுப்பினார்கள். கைரன் 12 ஆட்டத்தில் 1,144 யார்டு ஓடினார்.

இப்போது மின்னசோட்டா பக்கம் வாருங்கள். அலெக்ஸாண்டர் மேட்டிசன் நான்கு வருஷம் டால்வின் குக்குக்குப் பின்னால் நின்றவர். 2021ல் குக் இல்லாதபோது இறங்கி 100 யார்டைத் தாண்டியதால், லீக் ஆடுகிற எல்லோரும் அவரைத் தங்கம் போல் பெஞ்சில் பூட்டி வைத்தார்கள். 2023ல் குக்கை அணி விடுவித்தது, மேட்டிசனே முதல் ஆள். வந்த பலன் 180 கேரி, 700 யார்டு, ஓட்டத்தில் ஒரு டச்டவுன்கூட இல்லை. ஏக்கர்ஸை அந்த அணி வாங்கியது மேட்டிசன் முதல் ஆளான மூன்றாம் வாரத்துக்கு முன்பே. ஒரே டிரேடில் ஒரு பேக்கப்புக்குக் கதவு திறந்தது, பேக்கப்பாக இருந்து மேலே வந்த இன்னொருவர் மேல் அணிக்கு நம்பிக்கை போதவில்லை என்பது தெரிந்தது. ஓரிரு ஆட்டத்தில் மாற்றாக இறங்கி அடித்தவரை அப்படியே முழு சீசனுக்கும் நம்பக்கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

முன்னால் இருப்பவருக்குப் பெரிய அடி படாமலேயே இடம் மாறுவதும் உண்டு. டாம்பா பே 2024ல் நான்காம் சுற்றில் எடுத்த பக்கி இர்விங், ரஷாட் வைட்டுக்குப் பின்னால் தொடங்கினார். சீசன் முடிவில் இர்விங் 207 கேரியில் 1,122 யார்டு, வைட் 144 கேரியில் 613. ஒரே தடுப்பு வரிசை, பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்கும் ஒருவரே, ஒருவருக்கு ஒரு கேரிக்கு 5.4 யார்டு, மற்றவருக்கு 4.3. வேறு வேறு அணிக்காரர்களை இப்படி ஒப்பிட்டால் தப்பாகப் போகும். ஒரே அணிக்குள் ஒப்பிடுவது நம்பகமான அளவுகோல். முதல் நான்கைந்து வாரம் இந்த ஒரு எண்ணைப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

இளம் ஆட்டக்காரர் ஏன் பெஞ்சிலேயே கிடக்கிறார் என்பதற்குப் பெரும்பாலும் ஓட்டம் காரணமில்லை, தடுப்புதான். மூன்றாம் டவுன் (10 யார்டு எடுக்க அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சியில் மூன்றாவது), 8 யார்டு வேண்டும். குவார்ட்டர்பேக் பாஸ் போடப் பின்வாங்குகிறார், எதிரணி லைன்பேக்கர் நடுச் சந்தில் பாய்ந்து வருகிறார். ரன்னிங் பேக் ஒரு எட்டு முன்னே வைத்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையையும் அவர் நெஞ்சில் கொடுத்து நிறுத்த வேண்டும். தோளை மட்டும் வீசி விழுந்தால் லைன்பேக்கர் சுற்றிக்கொண்டு போய்விடுவார், குவார்ட்டர்பேக் தரையில். பெரும்பாலும் அணியிலேயே அதிகச் சம்பளம் வாங்குகிற ஆளை இப்படி அடிபட விட எந்தக் கோச்சும் துணிய மாட்டார். கைரனிடம் இந்தத் தடுப்பு ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆகஸ்ட்டில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் யார்டை எண்ணாதீர்கள். முதல் குவார்ட்டரில், முதல் அணியோடு, மூன்றாம் டவுனில் யார் நிற்கிறார் என்று பாருங்கள். நான்காம் குவார்ட்டரில் 90 யார்டு ஓடியவர், அணியில் இடம் கிடைக்காதவர்களை எதிர்த்து ஓடியவர்.

கோட்டருகே யார் என்பதும் முக்கியம். பிலடெல்பியாவில் 1 யார்டு என்றால் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸே பந்தோடு தள்ளிக்கொண்டு போய்விடுவார். 2023ல் அவர் மட்டும் 15 ஓட்ட டச்டவுன். அப்படிப்பட்ட அணியின் பேக்கப்புக்கு 6 பாயிண்ட் வாய்ப்பு குறைவு.

வயதைப் பொறுத்தவரை, ஆட்டக்காரர்களை அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ளும் கீப்பர் லீக் என்றால் இளமைக்கு மதிப்பு உண்டு. உங்களுடையது ஒரு வருஷ லீக்காக இருந்தால் 22 வயதும் 28 வயதும் ஒன்றுதான். டிராஃப்டுக்கு முன் லீக்கை நடத்தும் கமிஷனரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

டிராஃப்டில் 6 பெஞ்ச் இடம் இருந்தால் இரண்டை இப்படிப்பட்டவர்களுக்கு ஒதுக்குங்கள், மூன்று வேண்டாம். உங்கள் முதல் ஆளுக்கு மாற்றாக இருப்பவரைவிட, அடுத்தவருடைய முதல் ஆளுக்குப் பின்னால் நிற்பவரை எடுப்பது ஆரம்பத்தில் லாபம். உங்கள் ஆளும் ஆடிக்கொண்டிருக்க, கூடுதலாக ஒருவர் கிடைப்பார். 13ஆம் வாரத்தில் மனதை மாற்றிக்கொள்ளுங்கள். பட்டத்துக்கான ஃபேன்டசி பிளேஆஃப் பெரும்பாலும் 15 முதல் 17ஆம் வாரம் வரை, அப்போது உங்கள் ஆள் அடிபட்டு விழுந்தால் தாங்காது, அவருடைய மாற்று உங்களிடமே இருக்கட்டும்.

எவ்வளவு காலம் காத்திருப்பது? 5ஆம் வாரத்திலிருந்து அணிகளுக்கு ஓய்வு வாரம் வரும், பெஞ்ச் இடம் நெருக்கும். அதுவரை பேக்கப்பின் ஸ்னாப் பங்கு (அவர் களத்தில் நிற்கும் விகிதம்) கூடவே இல்லையென்றால் கழற்றிவிடுங்கள். ஆனால் முதல் ஆளுக்குப் புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பயிற்சி இல்லை என்று அறிக்கை வந்தால் அந்த வாரம் பேக்கப்பைக் கழற்றாதீர்கள். ஞாயிறு முதல் ஆள் விழுந்த பிறகு மாற்றைத் தேடினால், பெரும்பாலான லீக்கில் யாரிடமும் இல்லாத ஆட்களுக்குப் புதன் அதிகாலை நடக்கும் வேய்வர் ஏலத்துக்குத்தான் போக வேண்டும். 100 டாலர் கற்பனைப் பணத்தில் பாதிவரை கேட்பார்கள். பேக்கப்பின் உடம்பும் இரும்பல்ல. 2025ல் அரிசோனாவில் ஜேம்ஸ் கானர் மூன்றாம் வாரம் விழுந்தார், காத்திருந்த ட்ரே பென்சன் நான்காம் வார ஆட்டத்தோடு முழங்கால் அடிபட்டு ஒதுங்கினார். இரண்டு பேர் வேண்டும் என்றது இதற்காகவும்தான்.

இறங்காதவர் பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும். டல்லாஸில் மதியம் 12 மணி ஆட்டங்களுக்குக் காலை 10:30. அந்நேரம் கோயிலில் இருந்தாலும் ஃபோனை எடுத்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சந்தேகத்தில் இருக்கும் ஆள் மாலையில் ஆடுபவர் என்றால் அவரை ரன்னிங் பேக் இடத்தில் வைக்காமல் ஃப்ளெக்ஸில் வையுங்கள், கடைசி நேரத்தில், ஆட்டம் இன்னும் தொடங்காத வேறு ரன்னிங் பேக்கையோ ரிசீவரையோ அங்கே மாற்றிப் போடலாம்.