வீடில்லாதவர்களுக்கு எந்த நாடு என்ன செய்கிறது: கேளுங்கள், சொல்கிறேன்

வீட்டுத்திட்ட வேலையில் திருகோணமலை மாவட்டம் முழுக்க அலைந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

உப்புவெளித் தங்கை: அண்ணா, எல்லாரும் பின்லாந்தைப் புகழ்கிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்கள்?

வரிசையை மாற்றினார்கள், தங்கச்சி. முதலில் குடியை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு தருகிறோம் என்பதுதான் பல நாட்டு வழக்கம். அங்கே 2008இல் இருந்து முதலில் சாவி, அதுவும் அவரவர் பெயரில் வாடகை ஒப்பந்தத்தோடு. குடி, வருத்தம், கடன் எல்லாம் அதற்குப் பிறகுதான். இனாம் இல்லை, வாடகை கட்டத்தான் வேண்டும், வருமானம் போதாதவருக்கு அரசு உதவித்தொகை உண்டு. ஹெல்சிங்கியில் பலர் ஒன்றாகப் படுத்த பழைய விடுதிகளையே தனித்தனி வீடுகளாக்கினார்கள். வீடில்லாதவர் தொகை 1987இல் 18,000 பேருக்கு மேல் இருந்தது, 2023இல் 3,429 ஆனது. ஆனால் 2024இல் வாடகை உதவியில் அரசு கைவைத்தது, அந்த வருடமே எண்ணிக்கை 3,806. எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை.

மூதூர்த் தம்பி: ஜப்பானில் அதைவிடக் குறைவாமே?

2003இல் 25,296, 2024இல் 2,820, சரிதான். ஆனால் அவர்கள் எண்ணுவது பூங்காவிலும் ஆற்றங்கரையிலும் தெருவிலும் ரயில் நிலையத்திலும் இப்படி வெளியில் கிடப்பவரை மட்டும். நெட் கபேயில் இரவைக் கழிப்பவன் கணக்கில் வரமாட்டான். பின்லாந்தோ, இடமில்லாமல் சொந்தக்காரர் வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவரையும் எண்ணுகிறது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

நிலாவெளி ஐயா: அமெரிக்கா?

சாவியை முதலில் கொடுக்கும் முறை 1992இல் நியூயோர்க்கில் தொடங்கியதுதான், ஐயா. அங்கங்கே பலித்தது, ஆனால் கட்டுப்படியாகும் வாடகை வீடு நாட்டில் போதாது. 2024 ஜனவரியில் ஓர் இரவுக் கணக்கு 771,480.

சம்பூர் அக்கா: இதெல்லாம் நமக்குச் சரிவருமா?

நம் கதை வேறு, அக்கா. இங்கே வீட்டுத்திட்டம் என்றால் காணி உள்ளவருக்குத்தான். இந்திய அரசின் உதவியில் இங்கே நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாக வங்கிக்கு வந்தது, உங்கள் பக்கத்திலும் சனம் கல்லரிந்து, கடன் வாங்கி, எப்படியோ கூரை போட்டார்கள். காணியே இல்லாதவர்? ஒருவர் விண்ணப்பத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி மூன்று முறை கொண்டுவந்தார். பெயர், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகள் விபரம் எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. காணி உறுதி இலக்கம் என்ற கட்டம் மட்டும் மூன்று முறையும் வெறுமை.