லாரி வாடகை இருக்கட்டும், முதலில் தேதிகளை எழுதுங்கள்

கேள்வி: எனக்கு வேறு நகரத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. 6 வாரத்தில் சேர வேண்டும். கணவர், பள்ளிக்குப் போகும் 2 குழந்தைகள், 12 வருடமாகச் சேர்ந்த சாமான்கள். சாமான் ஏற்றி அனுப்ப 3 நிறுவனங்களிடம் கொட்டேஷன் கேட்டோம். குறைவானது, அதிகமானதில் பாதிகூட இல்லை, எதை நம்புவது என்றே தெரியவில்லை. பில் கொடுத்தால் பிறகு பணம் தருவதாகப் புது அலுவலகம் சொல்கிறது. எல்லாவற்றையும் எடுத்துப் போகலாம் என்கிறார் கணவர், பாதியை விற்றுவிடலாம் என்கிறேன் நான். தினமும் இதே சண்டை. மொத்தம் எவ்வளவு பணம் ஒதுக்கி வைக்க வேண்டும்?
— ஒரு வாசகி

பதில்: வாழ்த்துகள் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். "மொத்தம் எவ்வளவு" என்று கேட்டிருக்கிறீர்கள். வீடு மாறும்போது மொத்தத் தொகையால் திணறுகிறவர்களைவிட, கொடுக்க வேண்டிய பணமெல்லாம் ஒரே சமயத்தில் வந்து நிற்பதால் திணறுகிறவர்கள்தான் அதிகம். எந்தத் தேதியில் எவ்வளவு கையை விட்டுப் போகிறது, எந்தத் தேதியில் எவ்வளவு திரும்புகிறது என்பதுதான் உங்களுக்கு இப்போது வேண்டிய கணக்கு.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புது வீட்டுக்கு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, தரகர் இருந்தால் அவர் கமிஷன், வண்டிக்கு முன்பணம், சாமான் இறங்கியதும் மீதிப் பணம், குழந்தைகளுக்குப் பள்ளிக் கட்டணம், நீங்கள் 4 பேரும் போய்ச் சேர டிக்கெட், இணைய இணைப்பு, இதெல்லாம் அநேகமாக ஒரு மாதத்துக்குள் போய்விடும். பழைய வீட்டு அட்வான்ஸ் எப்போது வரும்? நீங்கள் காலி செய்து, வீட்டுக்காரர் வந்து பார்த்து, பெயின்ட் போன இடத்துக்கும் உடைந்த குழாய்க்கும் பிடித்தது போக மிச்சம் வரும். அலுவலகப் பணம் பில்லெல்லாம் கொடுத்து அவர்கள் சரிபார்த்த பிறகு, பெரும்பாலும் அடுத்த சம்பளத்தோடு. முதல் சம்பளமே சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான். செலவு 100 என்று வைத்துக்கொள்வோம், அதில் 40 பின்னால் திரும்பி வரும், கடைசிக் கணக்கில் உங்களுக்கு ஆனது 60தான். ஆனால் சாமான் இறங்குகிற அன்றைக்கு 90 வெளியே போயிருக்கும், திரும்பி வந்தது ஒன்றும் இருக்காது. அன்றைக்குக் கையில் 60 மட்டும் இருந்தால் கடன் அட்டைதான் கதி.

அதனால் இன்றைக்கே ஒரு தாளில் தேதி, போவது, வருவது, மிச்சம் என்று நான்கு கட்டம் போட்டு, இன்றிலிருந்து 3 மாதத்துக்கு எழுதுங்கள். வரும் என்று நினைக்கிற பணத்தை 2 வாரம் தள்ளியே எழுதுங்கள், போகிற பணத்தைச் சொன்ன தேதியிலேயே எழுதுங்கள். மிச்சம் எந்த நாளில் மிக ஆழமாகக் கீழே இறங்குகிறதோ, அந்தப் பள்ளத்தை நிரப்புகிற தொகையும், அதற்கு மேல் மொத்தச் செலவில் ஒரு 15 சதவீதமும்தான் நீங்கள் ஒதுக்க வேண்டியது. அந்த 15 சதவீதம் எதற்கு என்று கேட்காதீர்கள், எதற்கென்று முன்கூட்டியே தெரிந்தால் அதைத்தான் கட்டத்திலேயே எழுதிவிடுவோமே.

அப்புறம், கணவரின் வேலையைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அவர் வேலையை விட்டுவிட்டு வருகிறாரா, மாற்றல் வாங்குகிறாரா, வீட்டிலிருந்தே செய்கிற வேலையா? அவர் சம்பளம் 2 மாதம் நின்றால், இந்தத் தாளில் உள்ள வேறு எந்த வரியையும்விட அது பெரிய வரி. சோபாவை எடுத்துப் போகலாமா என்று சண்டை போடுவதற்கு முன்னால் இதை உட்கார்ந்து பேசுங்கள்.

அலுவலகத்திடம் வாயால் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். உச்சவரம்பு எவ்வளவு, சாமான் வண்டிக்கு மட்டுமா, பயணம், தற்காலிகத் தங்கல், தரகர் கமிஷனும் சேருமா, பில் யார் பெயரில் இருக்க வேண்டும், கொடுக்கிற பணத்துக்கு வருமான வரி பிடிப்பார்களா, வேலையை ஒரு வருடத்துக்குள் விட்டால் திருப்பித் தர வேண்டுமா. பல நிறுவனங்களில் இந்தக் கடைசி நிபந்தனை உண்டு, யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். முடிந்தால் வண்டிக்காரருக்கு அலுவலகமே நேரடியாகப் பணம் கட்டுமா என்றும் கேட்டுப் பாருங்கள், ஒப்புக்கொண்டால் உங்கள் தாளில் பெரிய பள்ளம் ஒன்று அப்படியே மூடிவிடும்.

இப்போது கொட்டேஷன். பாதி விலை சொன்னவர் வீட்டுக்கு வந்து பார்த்தாரா? இல்லை என்றால் அது கொட்டேஷனே இல்லை, தொலைபேசியில் சொன்ன ஒரு எண். அறை அறையாக, பரண் உட்பட, நேரிலோ வீடியோவிலோ காட்டி, எந்தெந்தச் சாமான் எத்தனை என்று பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலுக்கு இவ்வளவு என்று எழுதி வாங்கினால்தான் மூன்றையும் ஒப்பிடவே முடியும். ஒரே பட்டியலை மூன்று பேருக்கும் கொடுங்கள். அதன் பிறகு பாருங்கள், அந்தப் பாதி விலை தானாகவே மேலே ஏறும். ஏறவில்லை என்றால் எது சேரவில்லை என்று கேளுங்கள்: இரண்டு பக்கமும் மாடி ஏறி இறங்கும் கூலி, லிப்ட் இல்லாவிட்டால் கூடுதலா, தெருவுக்குள் பெரிய லாரி நுழைய முடியாவிட்டால் சின்ன வண்டி வைக்கும் செலவு யாருடையது, கட்டில் பீரோவைக் கழற்றி மறுபடி மாட்டுவது, ஏசி கழற்றுவது, சுங்கக் கட்டணம், வரி, நீங்கள் சாவி வாங்கத் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம். விலை இறுதியானதா, எடை போட்ட பிறகு மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

குறைந்த விலை சொல்லி முன்பணமாகப் பெருந்தொகை கேட்பவரை விட்டு விலகிவிடுங்கள். சாமான் லாரியில் ஏறிய பிறகு "எடை கூடிவிட்டது, இன்னும் கொடுத்தால்தான் இறக்குவோம்" என்று சொல்லும் ஏமாற்று வேலை பல நாடுகளில் நடக்கிற ஒன்று. உங்கள் கட்டிலும் பாத்திரமும் அவர்கள் வண்டியில் இருக்கும்போது பேரம் பேச உங்களிடம் ஒன்றும் இருக்காது. முன்பணம் சிறியது, ஏற்றியதும் ஒரு பகுதி, கடைசித் தவணை சாமானை இறக்கி எண்ணிய பிறகு. இதற்கு ஒப்புக்கொள்கிறவர் கொஞ்சம் அதிகம் கேட்டாலும் நான் அவரிடம்தான் போவேன்.

சாமான் சண்டைக்கு வருவோம். இதில் நான் உங்கள் பக்கமும் இல்லை, அவர் பக்கமும் இல்லை, கன அடி பக்கம். கொட்டேஷன் தொகையை மொத்தக் கன அடியால் வகுத்தால், ஒரு கன அடியை எடுத்துப் போக எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துவிடும். 6 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரம் உள்ள சோபா 54 கன அடி. உள்ளே வெறும் காற்றாக இருந்தாலும் லாரியில் அந்த இடம் போய்விடுகிறது. 54-ஐ அந்தத் தொகையால் பெருக்கி, அதே மாதிரி பழைய சோபா போகிற ஊரில் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று பாருங்கள். கொண்டுபோகும் செலவு அதில் பாதியைத் தாண்டினால் இங்கேயே விற்றுவிடுங்கள். புத்தக அலமாரி, பெரிய மேஜை, பிளைவுட் கட்டில் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு சாமான்களை ஒருமுறை கழற்றி மாட்டினாலே ஸ்க்ரூ ஓட்டை தளர்ந்துவிடலாம், அவற்றுக்காக லாரி வாடகை கொடுப்பது வீண். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், நல்ல மரக் கட்டில், தையல் மெஷின் இவையெல்லாம் பெரும்பாலும் தேறிவிடும். பாத்திரமும் துணியும் அடக்கமாகப் போகிறவை, அவற்றைத் தாராளமாக எடுத்துப் போகலாம். ஆனால் புது வீட்டு வாசல் அளவும் மாடிப்படித் திருப்பத்தின் அளவும் தெரியாமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். எடுத்துப் போன பீரோ உள்ளே நுழையாவிட்டால் இரண்டு செலவும் சேர்ந்து தலையில் விழும்.

அவருக்கு மனசு வராத சாமான் சிலது இருக்கும், அம்மா கொடுத்த நாற்காலி மாதிரி. அதற்குக் கணக்குப் போடாதீர்கள், ஆளுக்கு 3 சாமான் கேள்வி கேட்காமல் ஏறட்டும். விற்பதை இப்போதே ஆரம்பியுங்கள், கடைசி வாரத்தில் விற்கிறவருக்கு வாங்குகிறவர் சொல்வதுதான் விலை.

தனி லாரியா, வேறு வீட்டுச் சாமானோடு பகிர்ந்து போகும் வண்டியா என்பதும் விலையை வெகுவாக மாற்றும். பகிர்ந்து போவது மலிவு, ஆனால் இன்ன தேதி என்று சொல்ல மாட்டார்கள், நடுவில் கிடங்கில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றவும் செய்வார்கள். ஒவ்வொரு முறை கை மாறும்போதும் கீறலுக்கும் காணாமல் போவதற்கும் ஒரு வாய்ப்பு. குழந்தைகளுக்குப் பள்ளி திறக்கும் தேதி உங்களை நெருக்கினால் தனி வண்டியே நல்லது. மாதக் கடைசியில் எல்லோரும் காலி செய்வதால் விலையும் ஏறும், அவசரமும் ஏறும். மாத நடுவில் ஒரு வேலை நாளில் வையுங்கள். 2 வீட்டுக்கும் ஒரு வாரம் சேர்த்து வாடகை கொடுக்க வேண்டி வந்தால் கொடுத்துவிடுங்கள், லாரி தாமதமானால் 4 பேர் விடுதியில் தங்கிச் சாப்பிடும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதாகத் தெரியாது.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்காவிட்டால், வண்டிக்காரரின் பொறுப்பு பல இடங்களில் பொருளின் விலையை வைத்து இல்லை, எடையை வைத்துத்தான். 2 கிலோ லேப்டாப்புக்கு 2 கிலோவுக்கான பணம் வந்தால் எப்படி இருக்கும்! இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது பிரீமியம் குறையட்டும் என்று சாமான் மதிப்பைப் பாதியாகக் காட்டினால், பல பாலிசிகளில் நஷ்ட ஈடும் அதே விகிதத்தில் பாதியாகிவிடும். நீங்களே கட்டிய பெட்டிக்குள் உடைந்ததற்குப் பணம் கிடையாது என்ற நிபந்தனையும் சகஜம், அதனால் கண்ணாடி, பீங்கான், டிவி மூன்றையும் அவர்களையே கட்டச் சொல்லுங்கள், துணியையும் புத்தகத்தையும் நீங்கள் கட்டுங்கள். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி போதும், 20 கிலோவைத் தாண்டினால் அடி கிழியும். கிளம்பும் முன் விலை உயர்ந்த சாமான்களை நாலு பக்கமும் படம் எடுத்து, சீரியல் எண்ணும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷின்களில் சில சின்ன வேலைகள் இருக்கின்றன, செய்யாவிட்டால் ரிப்பேர் செலவு. பிரிட்ஜை முந்தின நாளே அணைத்து, ஐஸ் உருகி உள்ளே காயும்வரை திறந்து வைக்க வேண்டும், நிமிர்த்தியே ஏற்ற வேண்டும், போய்ச் சேர்ந்ததும் சில மணி நேரம் விட்டுத்தான் போட வேண்டும். முன்பக்கம் திறக்கிற வாஷிங் மெஷினுக்கு வாங்கியபோது பின்னால் நீளமாக சில போல்ட் கழற்றித் தந்திருப்பார்கள், டிரம் ஆடாமல் இருக்க அவற்றை மறுபடி மாட்ட வேண்டும், இந்த வாரமே தேடுங்கள். கேஸ் சிலிண்டர், பெயின்ட், தின்னர், பவர் பேங்க் எதுவும் லாரியில் ஏறக் கூடாது. நகை, சான்றிதழ்கள், மருந்து, ஹார்ட் டிஸ்க், போய்ச் சேர்ந்ததும் அந்த போல்ட்டைக் கழற்ற ஒரு ஸ்பேனர், இவை உங்கள் கைப்பையோடு வரட்டும்.

சாமான் இறங்குகிற அன்று ஒருவர் வாசலில் பட்டியலோடு நின்று பெட்டி எண்ணை டிக் செய்யட்டும், மற்றவர் எந்த அறைக்கு எது என்று உள்ளே பார்த்துக்கொள்ளட்டும். "எல்லாம் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது" என்ற தாளை ஓட்டுநர் அவசரமாக நீட்டுவார். வராத பெட்டி, தெரிகிற சேதம் இரண்டையும் அதிலேயே எழுதி, "பெட்டிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை" என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, அந்தத் தாளையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதத்தைச் சொல்ல எத்தனை நாள் அவகாசம் என்று பாலிசியில் இருக்கும், சிலவற்றில் அது சில நாள்தான், அதனால் உடையக்கூடிய பெட்டிகளை முதல் ராத்திரியே பிரித்துவிடுங்கள்.