மனச்சோர்வுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைக்குமா?

அண்ணனுக்கு மூன்று வருடமாக மனச்சோர்வு, மாத்திரையில்தான் ஓடுகிறது, சான்றிதழ் தருவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தர வழி உண்டு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. ஆனால் நோயின் பெயருக்குச் சலுகை இல்லை. அது அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்பதற்குத்தான்.

இந்த முடக்கத்துக்கு ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோலில் மனநல மருத்துவர் மதிப்பெண் போடுவார், முடக்கம் கூடினால் மதிப்பெண்ணும் கூடும். தன்னைக் கவனித்துக்கொள்வது, உறவுகள், பேச்சும் புரிதலும், வேலை என நான்குக்கும் தலா 0 முதல் 4. நோய் நீடித்த காலத்துக்குத் தனி மதிப்பெண். 2 முதல் 5 வருடம் என்றால் 2. மொத்தம் 7 வந்தால், சலுகைகளுக்குப் பார்க்கப்படும் 40 சதவீத பாதிப்பு என்ற எல்லையைத் தொட்டுவிடலாம். உதாரணமாக 1, 2, 1, 3, கூடவே காலத்துக்கு 2, ஆக 9.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். டாக்டர் கேட்டதும் “நல்லாத்தான் இருக்கேன் சார்” என்று சொல்லிவிடுவார்கள், நம் ஊர்ப் பழக்கம். மூன்று நாள் குளிக்காததை அம்மாதான் சொல்ல வேண்டும். அவரையும் கூட்டிப்போங்கள், பழைய மருந்துச் சீட்டுகளோடு.

விண்ணப்பம் யூடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில். 40 சதவீதம் வந்தால் மத்திய அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். அப்புறம், சான்றிதழ் தற்காலிகமாகவும் தரப்படலாம். அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள்.